டானிக் ஒயினுக்கு ஒரு வெண்கலப் பதக்கம்: பாரிஸ் நாட்குறிப்பு

முதல் நாள், புதன்

விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். தம்பி மகள் விமான நிலையத்தில் காத்துக் காத்துச் சோர்ந்து போயிருந்தாள். காரில் ஏறியதும், "பெரியப்பா, ஈபிள் கோபுரத்தை நாளைக்கே பார்த்துடலாமா?" என்றாள். அது எங்கேயும் ஓடிப் போகாது, எனக்கு முதலில் பழைய பதக்கக் கடைகள்தான் என்றேன். சிக்னல் வரும்வரை அவள் ஒன்றும் பேசவில்லை.

இரவுச் சாப்பாடு லா ஷப்பலில். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. கொத்து ரொட்டி தட்டும் சத்தம் கேட்டதும் பயணக் களைப்பு பாதி போய்விட்டது.

எதற்காக இந்தப் பயணம் என்பதை இன்றே சொல்லிவிடுகிறேன். நாணயம் சேர்ப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். நான் சேர்ப்பது பதக்கம். கழுத்தில் தொங்கவிடுகிற பதக்கம் இல்லை. ஒரு ஆளையோ நிகழ்ச்சியையோ பொருளையோ கொண்டாட அடித்து, மேசைமேல் வைப்பதற்கென்றே செய்த வெண்கல வட்டம். கையில் எடுத்தால் கனமாக இருக்கும், ஒரு டீகூட வாங்க உதவாது. அதுதான் அதன் அழகு என்பது என் கட்சி. கடந்த சில வருடங்களாக ஒரு பாட்டிலைச் சுற்றி வந்த பதக்கங்களின்மேல் எனக்குப் பித்து. அந்தப் பாட்டிலின் பெயர் வின் மரியானி.

ஆஞ்சலோ மரியானி 1838இல் கோர்சிகா தீவில் பிறந்தவர். பாரிஸுக்கு வந்து மருந்துத் தொழிலில் இறங்கி, 1863இல் போர்தோ ஒயினில் கோகா இலையை ஊறவைத்து ஒரு டானிக் செய்தார். சாக்லெட் செய்கிற கோகோ இல்லை. பெருவிலும் பொலிவியாவிலும் மலைவாசிகள் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சுமை தூக்குவார்களே, அந்தக் கோகா. கொக்கெய்ன் எடுப்பதும் அதிலிருந்துதான். அந்த டானிக்கை ராணிகள் குடித்தார்கள், நடிகைகள் குடித்தார்கள், போப்பும் குடித்தார். குடித்தவர்களில் பலர் நன்றிக் கடிதம் எழுதினார்கள். போப் பதக்கமே கொடுத்தார்.

சரி, கண் சொக்குகிறது. மீதி நாளைக்கு.

இரண்டாம் நாள், வியாழன்

காலையிலேயே சேன் நதிக்கரைக்குப் போய்விட்டேன். கொந்தி கரை, 11ஆம் எண். மொன்னே த பாரி, அதாவது பாரிஸ் நாணயச் சாலை. 864ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைச் சொல்கிற நிறுவனம் இது. இப்போதுள்ள கட்டடம் 1770களில் எழுந்தது. புழக்கத்துக்கான காசுகளை அடிக்கிற வேலையை 1973இல் போர்தோவுக்குப் பக்கத்தில் பெசாக் என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். பதக்கங்களும் சேகரிப்பாளர்களுக்கான நாணயங்களும் மட்டும் இன்றும் இங்கேயே உருவாகின்றன. சில்லறை வெளியூருக்குப் போய்விட்டது, கலை வீட்டோடு தங்கிவிட்டது.

அருங்காட்சியகத்தில் எல்லாரும் தங்கத்தைப் பார்க்கிற அறையில் ஓடிவிட்டு, நான் நெடுநேரம் நின்றது குறுக்கும் இயந்திரத்தின் முன்னால்தான். பதக்கம் செய்வது எப்படி என்று பலருக்குத் தெரியாது. சிற்பி முதலில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் களிமண்ணிலோ மெழுகிலோ உருவத்தைச் செய்கிறான். அதைச் சாந்தில் வார்த்து, அதிலிருந்து உலோகத்தில் ஒரு படி எடுக்கிறார்கள். அந்தப் படியை இயந்திரத்தின் ஒரு பக்கம் பொருத்திச் சுழலவிட்டால், ஒரு மொட்டை ஊசி அதன் மேடு பள்ளத்தைத் தடவிக்கொண்டே போகும். நீளமான ஒரு கம்பி அந்த அசைவைச் சின்னதாக்கி மறுபக்கத்துக்குக் கடத்தும். அங்கே ஒரு கூர்முனை அதே உருவத்தை எஃகில் சின்னதாகச் செதுக்கும். அந்த எஃகிலிருந்து வருவதுதான் அச்சு. பிறகு வெண்கல வில்லையை அச்சுக்கு நடுவில் வைத்து ஓங்கி ஒரு அடி, உலையில் சுட்டு இளக்கி மறுபடி ஒரு அடி. உருவம் எவ்வளவு எழும்பி நிற்கிறதோ அவ்வளவு அடி.

இந்த இயந்திரம் வந்த பிறகு அச்சைக் கையால் வெட்டத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் சிற்பிகளுக்கு இல்லாமல் போயிற்று. களிமண்ணில் கை பழகியவன் எவனும் பதக்கம் செய்யலாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் பதக்கக் கலை அப்படிப் பொங்கி வழிந்ததற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். போன்ஸ்கார்ம் என்பவர் 1860களின் முடிவில் பதக்கத்தின் உயர்ந்த விளிம்பைத் தூக்கி எறிந்தார். பளபளப்பான பின்னணியை மங்கலாக்கினார். அவருக்குப் பின்னால் வந்த ஓஸ்கார் ரோத்தி, செவ்வகத் தகடாகவும் பதக்கம் இருக்கலாம் என்று மறுபடி பழக்கப்படுத்தினார். 1899இல் பதக்கப் பிரியர்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். கல்யாணம், பிறந்தநாள், பணி ஓய்வு எல்லாவற்றுக்கும் ஒரு பதக்கம். நம் ஊரில் குத்துவிளக்கு கொடுப்பது போல.

அந்தக் காலத்தில்தான் மரியானியும் உச்சத்தில் இருந்தார்.

வெளியே வருவதற்கு முன் ஒரு காவலரிடம், மரியானி பதக்கம் ஏதாவது பார்வைக்கு உண்டா என்று என் உடைந்த பிரெஞ்சில் கேட்டேன். அவர் மிகுந்த மரியாதையோடு கழிப்பறைக்கு வழி காட்டினார்.

மூன்றாம் நாள், வெள்ளி

முதல் நாள் எழுதியதில் ஒரு திருத்தம். போப் பதக்கம் கொடுத்தார் என்று மொட்டையாகச் சொல்லியிருந்தேன். எந்தப் போப் என்று தம்பி மகள் கேட்டாள். பதின்மூன்றாம் லியோ. 1810இல் பிறந்து 1903இல் 93 வயதில் இறந்தவர். அவர் படம் போட்டு, "போப் தங்கப் பதக்கம் அளித்தார்" என்று மரியானி அடித்த விளம்பரம் இன்றும் சுவரொட்டிக் கடைகளில் மறுபதிப்பாக விற்கிறது. இன்று நானே ஒன்றைப் பார்த்தேன், பன்னிரண்டு யூரோ. வாங்கவில்லை.

காலையில் ஹவுஸ்மன் பெருந்தெரு. 41ஆம் எண்ணில்தான் மரியானியின் கடை இருந்தது. அந்தக் காலத்து விளம்பரம் எதை எடுத்தாலும் கீழே இந்த முகவரி இருக்கும். கலேரி லஃபாயெத்துக்குப் பக்கம், எப்போதும் கூட்டம். நினைவுப் பலகை எதுவும் என் கண்ணில் படவில்லை. பைகளோடு வந்தவர்கள் என்னை இடித்துக்கொண்டு போனார்கள். அங்கிருந்து ஓப்பரா அரங்கம் நடந்து போகிற தூரம். மரியானி ஏன் இந்தப் பக்கம் கடை போட்டார் என்பது அந்த நடையில் புரிந்தது. அவருடைய ஆரம்பகால ஆதரவாளர்களில் முக்கியமானவர் டாக்டர் ஃபோவெல் என்ற தொண்டை வைத்தியர். தொண்டை கட்டிய பாடகர்களுக்குக் கோகா ஒயினை எழுதிக் கொடுத்தவர். கோகா மரத்துப் போகச் செய்யும், வலி தெரியாது. பாடகர் குடித்தால் நடிகை குடிப்பாள், நடிகை குடித்தால் ஊரே குடிக்கும்.

கொக்கெய்ன் எவ்வளவு இருந்தது? ஒரு அவுன்ஸுக்கு, அதாவது ஏறக்குறைய 30 மி.லி.க்கு, 6 மில்லிகிராம் என்று சொல்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போன சரக்கில் 7.2. அமெரிக்காவில் போட்டிக்காரர்கள் இதைவிடக் காரமாகச் செய்தார்களாம். கேட்டால் கொஞ்சம்தானே என்று தோன்றும். ஆனால் சாராயமும் கொக்கெய்னும் சேர்ந்து உடம்புக்குள் போனால் கல்லீரல் இரண்டையும் கலந்து கோகாஎத்திலீன் என்று மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறது. போதை அதில் இன்னும் நேரம் நிற்கும். மரியானிக்கு இது தெரிய வழியில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர்களுக்கு ஒரு கோப்பை, குழந்தைகளுக்கு அதில் பாதி என்பது அளவு.

சிரிக்க வேண்டாம். எங்கள் பாட்டி வீட்டில் சாராயம் என்ற சொல்லை உச்சரித்தாலே வாயைக் கழுவச் சொல்வார்கள். அதே பாட்டி தினமும் இரவில் இரண்டு ஸ்பூன் திராட்சாரிஷ்டம் குடித்துவிட்டுத்தான் படுப்பார். அரிஷ்டம் என்பது பானையில் புளிக்கவைத்து எடுப்பது, தானாகவே அதில் சாராயம் ஊறும். பாட்டியிடம் யார் போய்ச் சொல்வது? மருந்துப் பாட்டில் என்று பெயர் வைத்தால் போதும், மனசு இறங்கிவிடும்.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்துப் பெம்பர்ட்டன் இதைப் பார்த்துத்தான் 1885இல் பிரெஞ்சு ஒயின் கோகா என்று ஒன்றைச் செய்தார். அடுத்த வருடம் அந்த ஊரில் மதுவிலக்கு வந்ததும் ஒயினை எடுத்துவிட்டுச் சர்க்கரைப் பாகு ஊற்றினார். அது என்னவாயிற்று என்று சொல்லத் தேவையில்லை, தெருமுனைப் பெட்டிக்கடையில் கேளுங்கள்.

மதியத்துக்கு மேல் பூர்ஸ் நிலையத்தில் இறங்கி விவியன் தெரு. பாரிஸின் நாணய வியாபாரிகள் கூடும் இடம். நாலைந்து கடைகள் ஏறி இறங்கினேன். ஒரு கடையில், பெயர் வேண்டாம், கண்ணாடி போட்ட பெரியவர் ஒரு தட்டை இழுத்து முன்னால் வைத்தார். நடுவில் இருந்தது.

உள்ளங்கை அகலம். தாடி வைத்த மரியானியின் பக்கவாட்டு முகம், மறுபக்கம் கோகா கிளை. முகத்தைவிட அந்தக் கிளைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கோகா இலையில் நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் இணையாக ஒரு மெல்லிய கோடு ஓடும், அந்தச் செடிக்கே உரிய அடையாளம். சிற்பி அதை விடவில்லை. நிஜ இலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்திருக்கிறான். வெண்கலத்தின் நிறம் நன்றாகக் காய்ந்த பேரீச்சம்பழம் மாதிரி. பாட்டினா என்பது இதுதான். பட்டறையில் மருந்து பூசிச் சூடுகாட்டிக் கொண்டுவந்த நிறம், நூறு வருடம் கைபட்டுக் கைபட்டு ஆழமாகிறது.

"ரோத்தி" என்றார் பெரியவர். கையெழுத்து எங்கே என்றேன். தோள்பட்டைக்குக் கீழே ஏதோ ஒரு கீறலைக் காட்டினார். என் லென்ஸை எடுத்துப் பார்த்தேன். கீறல் கீறலாகத்தான் இருந்தது. அவர் மறுபடியும் "ரோத்தி" என்றார், இந்த முறை கொஞ்சம் சத்தமாக. விலை 380 யூரோ. ரோத்தி என்ற பெயருக்கு மட்டும் அதில் 200 இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். படிக்கட்டு இறங்கும்போது மனசு பின்னாலேயே இருந்தது.

நான்காம் நாள், சனி

ராத்திரி தூக்கம் வரவில்லை. மரியானி எப்படி யோசித்திருப்பார் என்று படுத்தபடியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டானிக் விற்கிறவன் சுவரொட்டி ஒட்டுவான். மரியானியும் ஒட்டினார், 1894இல் ஷெரே வரைந்த மஞ்சள் உடைப் பெண் மிகப் பிரபலம். ஆனால் சுவரொட்டி மழையில் கிழியும், பத்திரிகை பொட்டலம் மடிக்கப் போகும். அதனால்தான் அவர் இன்னொரு வழியையும் பிடித்தார். பெரிய மனிதர்களுக்கு ஒயினை இலவசமாக அனுப்புவார். அவர்கள் மரியாதைக்கு நாலு வரி பதில் எழுதுவார்கள். அந்தப் பதிலையும், செதுக்கு ஓவியமாக அவர்கள் முகத்தையும், சின்ன வாழ்க்கைக் குறிப்பையும் சேர்த்து அழகான தாளில் புத்தகமாகப் போட்டார். மரியானி ஆல்பம். 1894இல் தொடங்கி, அவர் இறந்து பதினோரு வருடம் கழித்து 1925 வரை 14 தொகுதிகள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகங்கள். ஜோலா இருக்கிறார், வெர்ன் இருக்கிறார், எடிசன் இருக்கிறார். இசையமைப்பாளர் கூனோ புகழ்ந்து ராகமே போட்டுக் கொடுத்தார். சுதந்திர தேவி சிலை செய்த பார்த்தோல்தி, இந்த ஒயின் முன்பே கிடைத்திருந்தால் சிலையை இன்னும் பல நூறு மீட்டர் உயரமாகச் செய்திருப்பேன் என்று எழுதினார். இலவசமாக வந்த பெட்டிக்கு இதைவிட நல்ல ரசீது உண்டா?

பதக்கமும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. யாரும் வெண்கலத்தைக் குப்பையில் போட மாட்டார்கள். அலமாரியில் வைப்பார்கள், பேரனுக்குக் கொடுப்பார்கள். பாட்டில் லேபிள்களில் கண்காட்சிப் பரிசுப் பதக்கங்களை அச்சடிப்பது அன்று எல்லாக் கம்பெனியும் செய்த வேலை. பிஸ்கட் டப்பாவில்கூட இருக்கும். விற்கிற பொருளுக்காகவே நல்ல சிற்பியைக் கூப்பிட்டுப் பதக்கம் செய்யச் சொல்வது வேறு ஜாதி. போப்பின் பதக்கம் அவருக்கு வந்தது. இவை அவரிடமிருந்து போனவை.

அதிகாலை ஏழு மணிக்கு வான்வ் வாசல் பழைய பொருள் சந்தை. நடைபாதையில் துணி விரித்துச் சாமான் பரப்பியிருக்கிறார்கள். கிண்ணம், பொம்மைக் கை, ரயில் சீட்டு, யாரோ ஒருவருடைய குடும்பப் படம். குளிர் காதைப் பிடுங்கியது. ஒன்பது மணிக்கு ஒரு அம்மாவின் பிஸ்கட் டப்பாவுக்குள், ஸ்பூன்களுக்கு அடியில், தங்கம் மாதிரி ஒன்று மின்னியது.

அதே தாடி. அதே கிளை. ஆனால் யாரோ அதைத் தேய்த்துத் தள்ளியிருந்தார்கள். பாட்டினா அடியோடு போய், பித்தளைச் செம்பு மாதிரி பளபளவென்று இருந்தது. எனக்கு வயிறு கலங்கியது. காரணம் உண்டு. என் அப்பா பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய வெண்கலப் பதக்கம் ஒன்று வீட்டில் இருந்தது. ஒரு தீபாவளிக்கு முதல்நாள் அம்மா குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துவிட்டார். ஓடுகிற பையனின் மூக்கு பாதி போய்விட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். நான் பதக்கம் சேர்க்க ஆரம்பித்தது அந்த மூக்கினால்தான் என்று வீட்டில் சொல்வார்கள்.

விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். தேய்த்தவர்கள் விளிம்பை விட்டுவைத்திருந்தார்கள். ஒரு சின்னக் கொம்பு, பழங்கள் வழிகிற மாதிரி. அதற்குப் பக்கத்தில் வெண்கலம் என்கிற பிரெஞ்சுச் சொல். பாரிஸ் நாணயச் சாலையின் முத்திரை. இந்தக் கொம்பு 1880இல் வந்தது, அதற்கு முன்னால் இருபது வருடம் தேனீ. ஆகவே அங்கேதான் அடித்தது, 1880க்குப் பிறகு. அதற்குமேல் இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பழைய அச்சை எடுத்து வெகுகாலம் கழித்து மறுபடி அடித்தாலும் இதே கொம்புதான். விளிம்பைப் பார்த்து வருடம் சொல்கிற வியாபாரியை நம்பாதீர்கள்.

கையெழுத்து? தோள்பட்டைக்குக் கீழே எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் புளியோ வேறு எதுவோ தின்றிருக்கும்.

கடைக்கார அம்மா 60 கேட்டார். தேய்த்ததைக் காட்டி உதட்டைப் பிதுக்கினேன். அழகாக இருக்கிறதே என்றார், உண்மையிலேயே புரியாமல். 40க்கு முடிந்தது. செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். குளிரில் விரல் மரத்திருந்தாலும் சட்டைப் பைக்குள் அதன் கனம் தெரிந்துகொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள், ஞாயிறு

இன்று ஈபிள் கோபுரம். கூட்டம், வரிசை, காற்று. அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மாலையில் வீட்டில் பதக்கத்தை மேசைமேல் வைத்துத் தம்பி மகளுக்குக் கதை சொன்னேன். மரியானி 1914 ஏப்ரலில் தென்கடற்கரையில் சான் ரஃபாயேலில் இறந்தார். இரண்டு வருடத்தில், 1916இல், பிரான்சில் கொக்கெய்னுக்குக் கடுமையான சட்டம் வந்தது. பழைய ஒயினின் காலம் முடிந்துபோயிற்று. "அப்போ இது போதைப் பொருள் விளம்பரமா பெரியப்பா? ஏர்போர்ட்ல பிடிக்க மாட்டாங்களா?" என்றாள். வெண்கலத்தைப் பிடித்து என்ன செய்வார்கள் என்றேன். இருந்தாலும் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் வைக்கச் சொன்னாள். பிறகு கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை செஞ்சது யாரு?" என்றாள். தெரியவில்லை என்றேன். "அந்தத் தாத்தா ரோத்தின்னு சொன்னாரே?" சொன்னார், காட்டவில்லை.

அப்போதுதான் காலையில் ரொட்டிக் கடையில் கொடுத்த சில்லறை ஞாபகம் வந்தது. பையைக் கவிழ்த்துத் தேடினேன். பிரான்சின் 2024க்கு முந்திய 10, 20, 50 சென்ட் காசுகளில் ஒரு பெண் நடந்துகொண்டே விதை தூவுவாள். ரோத்தி 1887இல் வேளாண் அமைச்சகப் பதக்கம் ஒன்றுக்காக வரைந்தவள் அவள். பதக்கம் நடக்காமல் போய், பத்து வருடம் கழித்து வெள்ளிக் காசில் ஏறினாள். பிராங்க் போய் யூரோ வந்தும் 2024 வரை இறங்கவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தேன். எறும்புக்கால் அளவு எழுத்தில், யூரோவுக்கு ஏற்ப அவளை மாற்றி வரைந்தவரின் பெயரோடு, ரோத்தி என்று தெளிவாக இருந்தது.

லென்ஸை அவளிடம் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இதுக்கு எவ்வளவு கேப்பாங்க பெரியப்பா?"

"இருபது சென்ட்."